எழுபதாம் வருசத்து எஞ்சினும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

1

போன கிழமை நான் வேலை செய்கிற கராஜுக்கு எதிரே இருக்கிற பெற்றோல் ஷெட்டில் புதிதாக ஒரு பம்ப் பூட்டினார்கள். பச்சைக் குழாய். ஈயம் கலக்காத பெற்றோலாம். அதைக் கண்டதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

என்னிடம் கார் இல்லை. கார் ஓடவும் தெரியாது. என்றாலும் கவலைப்படுகிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லைத்தானே. எந்தக் கார் இதைக் குடிக்கும், எந்தக் கார் குடித்தால் வால்வு கெட்டுப்போகும், ஆராவது அவசரத்தில் மாறி அடித்துவிட்டால் என்ன நடக்கும் என்று பாரிஸ் லா சப்பலில் இருந்து பியர்ஃபித் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போகிறேன். நல்ல யோசனை என்றால் இறங்கவேண்டிய தரிப்பையும் விட்டுவிடுவேன். பிறகு வேலைக்குப் பிந்தப் போகிறதே என்று அது வேறு யோசனை.

எனக்கு இஞ்சை பிறந்த மகள் ஒருத்தி. ஆறு வயது. நான் தமிழில் கவலைப்பட, அவள் பிரெஞ்சில் ஆறுதல் சொல்லுவாள். "சே பா க்ராவ், பப்பா." அது ஒன்றும் பாரதூரமில்லையாம். அவளுக்கு ஒன்றுமே பாரதூரமில்லை. ஒரு சப்பாத்தைத் தொலைத்தாலும் பாரதூரமில்லை, படித்த தமிழ் எழுத்தில் பாதியைத் தொலைத்தாலும் பாரதூரமில்லை.

ஆனால் இந்தப் பச்சைக் குழாய்க் கவலைக்கு ஒரு காரணம் இருக்கு, பாருங்கோ. போன வருசம் இதே ஆனி மாதம் என் தங்கச்சி செல்வியின் கலியாணம். ஒரு எஞ்சின் எதைக் குடிக்கும் எதைக் குடிக்காது என்று ஒரு மனிசன் யோசிக்காததால் அந்தக் கலியாணம் றோட்டில் நிற்கப் பார்த்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கதை கலர் படங்களாக மட்டும்தான் வந்து சேர்ந்தது. படத்தில் மாப்பிள்ளையின் கை ஏன் கறுப்பு என்று பெரிய மாமா கேட்டு எழுதியிருந்தார். அதுக்கும் சேர்த்துத்தான் இது.

2

எங்கள் கராஜ் முதலாளியின், இஞ்சத்தைப் பேச்சில் பத்ரோனின், பெயர் முசியே லூசியான். அமெரிக்கப் பழைய கார்கள் என்றால் அவருக்கு உயிர். எட்டுச் சிலிண்டர், நீண்ட மூக்கு, ரெண்டே ரெண்டு கதவு. அப்படியான கார்களை வாங்கி, எஞ்சினைக் கழற்றி, திருப்பிப் பூட்டி, தன்னைப்போல் இன்னொரு விசரனுக்கு விற்பார். கழற்றின சாமானைத் தட்டில் போட்டுத் தூரிகையால் கழுவுகிறது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அமெரிக்காவின் சரித்திரத்தை பிஸ்ரன் கழுவித்தான் படித்தேன்.

ஒரே கார், ஒரே பெயர், ஒரே முகவெட்டு. ஆனால் வருசம் மாற உள்ளுக்கு ஆள் மாறிவிடும்.

எழுபதாம் வருசத்து எஞ்சின் ஒரு சண்டியன். அதன் பிஸ்ரன் மேலே வந்து காற்றையும் பெற்றோலையும் நெரிக்கிற நெரிப்பு, கழுத்தைப் பிடிக்கிற மாதிரி. காபரேற்றருக்கு நாலு வாய். சும்மா நிற்கும்போதே முழுக் காரும் குலுங்கும். சூப்பர் பெற்றோலைத் தவிர வேறொன்றும் தொடாது. பத்ரோன் அதைப் பற்றிக் கதைக்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுவார்.

எழுபத்தொன்றில் சண்டியனுக்கு டொக்டர் பத்தியம் எழுதினார். ஈயமில்லாத பெற்றோல் வரப்போகுது, புகையையும் குறை என்று அங்கத்தைய அரசாங்கம் சொல்ல, எங்கள் கராஜுக்கு வருகிற இனத்தில் பிஸ்ரன் தலையில் கோப்பை மாதிரி ஒரு குழி விழுந்தது. குழி விழுந்தால் நெரிப்புக் குறையும். மட்டமான பெற்றோலையும் குடிக்கும். வெளியிலே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கழுவுகிறவனுக்குத்தான் தெரியும், குழிக்குள் கரி தேங்கும்.

எழுபத்திரண்டில் நடந்ததுதான் என்னை மிகவும் குழப்பியது. புத்தகத்தில் போட்டிருந்த குதிரைவலு திடீரென்று இறங்கிவிட்டது. எஞ்சினைப் பார்த்தால் முதல் வருசத்தது மாதிரியே இருக்கு. நான் தூரிகையோடு போய்ப் பத்ரோனிடம் கேட்டேன், "முசியே, மிச்சக் குதிரையள் எங்கை?"

அவர் சிரித்தார். அதுவரைக்கும் கொம்பனிக்காரர் எஞ்சினைத் தனியாக ஒரு மேசையில் ஏற்றி, காற்றாடி இல்லாமல், சைலன்சர் இல்லாமல், ஒரு பாரமும் இல்லாமல் ஓடவிட்டு அளந்தார்களாம். எழுபத்திரண்டிலிருந்து காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் பூட்டி அளந்தார்களாம். குதிரை செத்துப் போகவில்லை, அளவைதான் மாறினது.

எனக்கு உடனே விளங்கியது. கலியாணத் தரகர் ஊரில் எங்களை அளக்கிறது முதல் முறை. மாப்பிள்ளை பிரான்சில். அவ்வளவுதான். அறையில் நாலுபேர் படுக்கிறது, விசாத் தாளுக்கு ப்ரெஃபெக்தூர் கந்தோர் வரிசையில் விடியலில் நிற்கிறது, கோப்பை கழுவுகிறது ஒன்றையும் பூட்டுகிறதில்லை. பெண் வந்து இறங்கின பிறகுதான் ரெண்டாவது முறையில் அளப்பாள்.

எழுபத்துமூன்றில் பொறி அடிக்கிற நேரத்தைப் பிந்தவைத்து, காபரேற்றரின் வாயைக் கட்டி, தான் விட்ட புகையைத் தானே திரும்பக் குடிக்க ஒரு குழாயும் வைத்தார்கள். அந்த இடத்தில் பத்ரோன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுவார். எனக்கென்றால் எழுபத்துமூன்றுதான் பிடிக்கும். சத்தமில்லை, கோபமில்லை, எதைக் குடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிக்கும்.

"ஆணி பொருந்தும், சுபாவம் பொருந்தாது" என்பார் பத்ரோன். ஒரு வருசத்துச் சாமான் மற்ற வருசத்து எஞ்சினில் அழகாக உட்காரும், பிறகு ஓட்டம் ஒத்துவராது. எங்கள் சாத்திரியாரும் இதைத்தானே சொல்லுகிறவர்.

3

கராஜில் விற்காமல் நின்றவை ரெண்டு. சிவப்பு எழுபது, பச்சை எழுபத்துமூன்று. ரெண்டும் எங்களைப்போல வந்தேறிகள். இந்த நாட்டில் அன்னியக் கார் ஓடுகிறதுக்கு அனுமதி குடுக்கிற இலாகாவின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சுரங்க இலாகா. நிலக்கரிக்கும் காருக்கும் என்ன சம்பந்தமோ, நான் கேட்கவில்லை. கந்தோர்களில் கேள்வி கேட்டால் இன்னொரு துண்டு கொண்டுவரச் சொல்லுவார்கள். சிவப்புக் காருக்கு வெள்ளை விளக்கைக் கழற்றி மஞ்சள் விளக்குப் போடவைத்தார்கள். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தாளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். என்னிலும் காருக்கு லேசில் முடிந்தது.

செல்விக்குக் கலியாணம் என்று கேட்டதும் பத்ரோன், "தவம், ரெண்டில் ஒன்றைக் கொண்டுபோ" என்றார். நான் பச்சையைத்தான் கேட்டேன். ஆனால் மாப்பிள்ளை நேசன் கராஜுக்கு வந்து, சிவப்பைச் சுற்றி மூன்று தரம் வலம் வந்தார். கோயிலில்கூட அவர் அப்படி வந்ததை நான் காணவில்லை.

"மச்சான், இதுதான்."

"பச்சை அமைதியான கார், மச்சான். குடும்பத்துக்கு ஏத்தது."

"நான் இன்னும் குடும்பஸ்தன் ஆகேல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரமிருக்கு."

பத்ரோன் தொப்பியைக் கழற்றினார். முடிந்தது அலுவல். கார்த் திறப்பைத் தரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "சூப்பர் மட்டும்."

4

மாப்பிள்ளை லா சப்பலில் ஒரு அறையில் இருந்தார். மண்டபம் வில்லியே லே பெல்லில். ஊர் முறைப்படி பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்துவரவேண்டும். தம்பி ஊரில், ஆகவே தலைப்பாகை என் தலையில். ஐயர் பார்த்துத் தந்த சுபநேரம் மத்தியானம் பன்னிரண்டோடு முடிகிறது. அதைத் தவறவிட்டால் ஆடி வந்துவிடும். ஆடிக்குப் பிறகு மண்டபம் கிடைக்குமோ தெரியாது. எல்லாத்துக்கும் மேலாக, மாப்பிள்ளையின் பெரியம்மா ஜெர்மனியில் இருந்து வந்திருந்தா. ஏற்கனவே ரெண்டு சம்பந்தத்தைச் சகுனம் பிழை என்று தட்டிவிட்ட ஆள். நேரம் தப்பினால் மூன்றாவதையும் தட்டிவிடுவா. செல்வி நாலு வருசம் காத்திருந்து வந்தவள்.

சாரதி பரமண்ணை. நேசனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊரில் வாடகைக் கார் ஓடினவர், வந்து சில மாதம்தான். ஊரில் பெற்றோல் வராத நாட்களில் அவர் மண்ணெண்ணெயில் கார் ஓடினவர் என்பது உங்களுக்குத் தெரியும், உங்களில் பலபேர் அதில் ஏறியிருப்பீர்கள். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். புகையும், கண் எரியும், ஆனால் ஊர் போய்ச் சேரும்.

ஞாயிறு காலமை கார் பூமாலையோடு வந்து நின்றது. ரயருக்கடியில் தேசிக்காய். மூக்கில் சந்தனம் குங்குமம். ஏதோ ஒரு மணம். குனிந்து தாங்கி மூடியை மணந்து பார்த்தேன்.

"பரமண்ணை, என்ன அடிச்சனீங்கள்?"

"எல்லாம் அடிச்சாச்சு. வாய்முட்ட."

"சூப்பர்தானே?"

"சூப்பரும்."

அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை.

"வேறை என்ன?"

"உங்கடை வீட்டு அடுப்புக்கு வாங்கி வைச்சிருந்த மண்ணெண்ணெய் ரெண்டு கான். பயப்பிடாதை தம்பி. கலந்து குடுத்தால்தான் எஞ்சின் குளிரும். தனிச் சூப்பர் குடுத்துப் பழக்கினால் அது செல்லம் கொஞ்சும், பிறகு பிள்ளையைச் செல்லம் குடுத்துக் கெடுத்த கதைதான்."

"ஐயோ அண்ணை, இது எழுபதாம் வருசத்து எஞ்சின்!"

"என்ரை கார் ஐம்பத்தாறாம் வருசத்து எஞ்சின். அதுவே குடிச்சது. இது அதுக்குப் பதினாலு வயசு இளையது. இளையவன் குடிக்கமாட்டானோ?"

அந்தப் பழைய ஆங்கிலக் காரின் நெரிப்பு, கிழவன் கைகுலுக்குகிற மாதிரி. சோடாவோ மண்ணெண்ணெயோ, அதுக்கு ஒன்றுதான். சண்டியனுக்கு அப்படியில்லை. அந்த நெரிப்பில் மண்ணெண்ணெய் பொறி வரும்வரை பொறுக்காது, தானே பற்றிக்கொள்ளும். இதை நான் விளங்கப்படுத்துவதற்குள் பெரியம்மா வந்துவிட்டா.

ரெண்டு கதவுக் காருக்குள் காஞ்சிபுரச் சேலையோடு ஒரு ஆளைப் பின்சீற்றில் ஏற்றுகிறது, பாருங்கோ, ஒரு தனிக் கலை. முன்சீற்றை மடக்கி, தலையைக் குனியவைத்து, நான் இந்தப் பக்கம் தள்ள, நேசன் அந்தப் பக்கம் இழுக்க, "என்ரை கொண்டை, என்ரை கொண்டை" என்று அவ கத்த, ஒருமாதிரி உள்ளே போனா. "இவ்வளவு பெரிய காருக்குக் கதவு போட அமெரிக்காக்காரனுக்குப் பஞ்சமோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வி சரியான கேள்விதான்.

5

பியர்ஃபித் வரைக்கும் தட்டை றோட்டு. கார் சும்மா முனகிக்கொண்டு வந்தது. பரமண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கண்டியோ?" என்றார். சார்செல் ஏற்றம் தொடங்கினதும் எஞ்சினுக்குள் ஆரோ பத்துப்பேர் கரண்டியால் அடிக்கத் தொடங்கினார்கள்.

டக டக டக டக.

"அது என்ன சத்தம்?" என்றா பெரியம்மா.

"மேளம், பெரியம்மா" என்றார் பரமண்ணை.

"நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்றேன் நான். "பிஸ்ரன் ஓட்டையாப் போகும்!"

றோட்டோரம் நிறுத்தினோம். பதினொன்று தாண்டியிருந்தது. ராக்சி பிடிப்போம் என்றார் நேசன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏற்றத்தில் ராக்சிக்கு எங்கே போகிறது? சூப்பர் கலந்து ஐதாக்குவோம் என்றால் தாங்கி வாய்முட்ட நிரம்பியிருக்கு, ஒரு போத்தல் விடவும் இடமில்லை. பரமண்ணை எதைச் செய்தாலும் குறை வைக்கமாட்டார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கெட்ட பெற்றோலுக்குக் கொம்பனிக்காரன் பின்னைய வருசங்களில் என்ன செய்தான்? பிஸ்ரனில் குழி வைத்தான். அதை றோட்டில் செய்ய ஏலாது. பொறியைப் பிந்தவைத்தான். அதைச் செய்யலாம். பொறியைப் பிரித்துக்குடுக்கிற டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் போதும். பத்ரோன் திருப்பினதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கம்?

பொனற்றைத் திறந்தோம். பூமாலை கண்ணாடியில் சரிந்தது. நேசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, தன் தலைப்பாகையைப் பெரியம்மாவிடம் குடுத்துவிட்டு, ஸ்பனரைப் பிடித்தார். அவர் கையிலும் என் கையிலும் எண்ணெய்க்கரி.

"எந்தப் பக்கம், மச்சான்?"

"இடம். இல்லை, வலம். பொறும். ஐயோ, எனக்குத் தெரியேல்லையே!"

"மச்சான், நான் இண்டைக்குக் கலியாணம் கட்டவேணும். ஒரு பக்கத்தைச் சொல்லும்."

"இடம்!"

இடம் திருப்பி ஏறிப் பார்த்தோம். கரண்டிக்காரர் பத்துப்பேரும் இருபதுபேர் ஆனார்கள். பெரியம்மா தலைப்பாகையைக் காதில் அமத்திக்கொண்டா. திரும்ப நிறுத்தி, திரும்பத் திறந்து, வலம் திருப்பினோம். நான் பயத்தில் தேவைக்கு மேலேயே திருப்பச் சொல்லிவிட்டேன். எழுபதை எழுபத்துமூன்றாக்கப் போய், அதையும் தாண்டி ஓய்வூதியத்துக்கே அனுப்பிவிட்டோம் போல.

சத்தம் நின்றது. வேகமும் நின்றது. முந்நூற்றுச் சொச்சக் குதிரை என்று புத்தகத்தில் போட்ட கார், சைக்கிளில் வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவர் எங்களை முந்திக்கொண்டு மணியடிக்கும் வேகத்தில் ஏறியது. பின்னால் கறுப்புப் புகை. சைலன்சர் சூட்டில் பின்சீற்றுக்கு அடியில் தகித்தது.

"எனக்குக் கீழே சுடுகுது" என்றா பெரியம்மா.

"மண்டபத்திலை சாப்பாடும் சூடாத்தான் இருக்கும், பெரியம்மா" என்றார் பரமண்ணை.

6

மண்டப வாசலில் ஆராத்தியோடு பெண்டுகள். உள்ளே ஐயர் கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். "சுருக்கிச் செய்யிறன், கெதியா வாங்கோ!" மந்திரங்களை அவர் எழுபதாம் வருசத்து நெரிப்பில் நெரிக்கப்போகிறார் என்று விளங்கியது.

பரமண்ணை திறப்பைத் திருப்பி வெளியே எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை.

டுக்... டுக்... டுடுக்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை!"

"நிப்பாட்டியாச்சடா! இந்தா திறப்பு! என்ரை கையிலை இருக்கு!" அவர் வாசலில் நின்ற எல்லாருக்கும் திறப்பைத் தூக்கிக் காட்டினார். கார் தன்பாட்டில் குலுங்கிக்கொண்டு நின்றது. சூடேறின எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை, மண்ணெண்ணெய் தன்பாட்டில் பற்றும். பெரியம்மாவை இறக்க நேரமில்லை. "என்னை இறக்குங்கோடா!" என்று அவ உள்ளே தட்டத் தட்ட, நாங்கள் மாப்பிள்ளையோடு வாசலுக்கு ஓடினோம்.

நான் மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். என் கையும் கறுப்பு, கழுவக் கழுவக் காலும் கறுத்தது. அவர் முறைப்படி எனக்கு மோதிரம் போட்டார். எண்ணெய் விரலில் அது நிற்காமல் தண்ணிச் செம்புக்குள் விழுந்தது. நான் அதைத் துழாவிக்கொண்டிருக்கும்போதுதான் கார் கடைசியாக ஒருக்கால் குலுங்கி நின்றது. நின்ற கையோடு, சைலன்சருக்குள் எரியாமல் கிடந்ததெல்லாம் ஒன்றாகப் பற்றியது.

டமார்!

அடுத்த நொடி மண்டபத்தில் நின்றவன் ஒருத்தனும் நிற்கவில்லை. முந்நூறு பேரும் ஒரே அசைவில் நிலத்தில். ஆராரோ பிள்ளைகளுக்கு மேல் ஆராரோ. ஐயர் மணவறைக்குக் கீழே. மாப்பிள்ளை எனக்கு மேல். ஊரில் ஷெல்லடிக்குப் பழகின உடம்புகள். நடு மண்டபத்தில் தனியாக நிமிர்ந்து நின்றவர் மண்டபத்துக் காவலாளி, பிரெஞ்சுக்காரர். எங்கள் கலியாண முறையில் இது எந்தக் கட்டம் என்று விளங்காமல், மரியாதைக்குத் தானும் முழந்தாளிட்டார்.

மணப்பெண் அறைக் கதவு திறந்தது. செல்வி எட்டிப் பார்த்தாள். முந்நூறு பேரும் கிடக்கிற கிடையையும், கறுத்த கையோடு தன் மாப்பிள்ளை தன் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறதையும் கண்டாள். மணப்பெண் குனிந்த தலை நிமிரக்கூடாது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒவ்வொருத்தராக எழும்பிச் சேலையைத் தட்டினார்கள். சிரிப்புப் பரவியது. பிறகு திடீரென்று அடங்கியது. பரமண்ணை பெரியம்மாவை ஒருமாதிரி இழுத்தெடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். கொண்டை ஒரு பக்கம், தலைப்பாகை அவவின் தலையில். எல்லாரும் அவவின் வாயையே பார்த்தோம். ஐயரின் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம்தான். இவ சகுனம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், செல்வி திரும்பவும் காத்திருக்கவேண்டும்.

பெரியம்மா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தா.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஊரிலை மாப்பிள்ளை வந்து இறங்கினால் வெடி போடுறதில்லையோ? போட்டாச்சு. நேரம் போகுது, தாலியைக் கட்டுங்கோ!"

ஐயர் நெரித்தார். நாதஸ்வரக் கசெற்றை ஆரோ அமத்த, நடுப்பாட்டில் இருந்து கெட்டிமேளம் கிளம்பியது. கறுப்பு விரல்கள் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட்டன. ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, அதைச் சால்வைக்குள் மறைத்தார்.

நான் செல்விக்குப் பின்னால் நின்று, சைலன்சர் என்ன ஆச்சோ, பிஸ்ரன் என்ன ஆச்சோ, நாளைக்குப் பத்ரோனுக்கு என்ன சொல்லுறது என்று வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையை லேசாகத் திருப்பி, கடைக்கண்ணால் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, கார் உடைஞ்சு போச்சோ?"

"தெரியாது."

"பத்ரோன் வேலையாலை நிப்பாட்டுவாரோ?"

"தெரியாது."

"அப்ப ஏன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

அப்போதுதான் நான் வாயைத் தொட்டுப் பார்த்தேன்.